வராத பிள்ளையின் பெயர்

காலை மணி அடித்து, இறைவேண்டல் முடிந்து, பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்தபின் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். "உள்ளேன் ஐயா" என்ற குரல் வரிசையாக எழுகிறது. ஓரிடத்தில் மட்டும் குரல் எழவில்லை. ஆசிரியர் அப்பெயரை மீண்டும் ஒருமுறை அழைத்துப் பார்க்கிறார். பின்பு ஒரு குறியை இட்டுவிட்டு அடுத்த பெயருக்குச் செல்கிறார்.

நாம் அனைவரும் இளமையில் நாள்தோறும் கண்ட காட்சி இது. அந்தச் சிறு குறிக்குப் பின்னால் ஒரு வீடும், அவ்வீட்டின் அடுப்பும், தறியும், தோட்டமும், சில வேளைகளில் ஒரு கடன் பத்திரமும் மறைந்திருக்கும் என்பதை அன்று நாம் அறிந்தோமில்லை. பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, குற்றம் யாருடையது என்ற கேள்வியே முதலில் எழுகிறது. பிள்ளையின் சோம்பலா? பெற்றோரின் அக்கறையின்மையா? கொங்கு நாட்டின் இருநூறு ஆண்டுக் கல்வி வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தால், கேள்வியையே சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்பது புலனாகும்.

திண்ணையில் தொடங்கிய கணக்கு

1822-ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ, நாட்டில் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பேர் படிக்கின்றனர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு எல்லா மாவட்ட ஆட்சியர்களையும் பணித்தார். அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆட்சியர், பின்னாளில் உதகமண்டலத்தை உருவாக்கியவராகப் பெயர் பெற்ற ஜான் சல்லிவன். அவர் அவ்வாண்டு நவம்பரில் அனுப்பிய அறிக்கையில் மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருப்பதாகக் குறித்தார்.

எண்ணிக்கையைவிட அவ்வறிக்கை தரும் நடைமுறைச் செய்திகளே நமக்குச் சுவையானவை. பிள்ளைகள் ஐந்தாம் வயதில் பள்ளிக்கு வருவர். பதின்மூன்று, பதினான்கு வயது வரை பயில்வர். காலை ஆறு மணிக்குப் பள்ளி தொடங்கிப் பத்து மணிக்கு விடும். பிற்பகல் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு மீண்டும் கூடி இரவு எட்டு மணி வரை நடைபெறும். திருவிழா நாள்கள் நீங்கலாக மாதத்திற்கு நான்கு நாள்களே விடுமுறை: பௌர்ணமியும் அமாவாசையும், அவற்றுக்கு மறுநாள்களும். ஞாயிறு என்ற விடுமுறை இல்லை. நிலவே அன்றைய பள்ளி நாள்காட்டி.

காலந்தாழ்ந்து வருவோரை அக்காலப் பள்ளிகள் நடத்திய முறையையும் மன்றோவுக்கு வந்த அறிக்கைகளுள் ஒன்று கூறுகிறது. பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823-இல் எழுதியது அது. முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதிச் சிறப்புச் செய்வர். இரண்டாவது வருபவனின் கையில் ஒரு சுழியம். அவன் புகழ்ச்சிக்கும் உரியவனல்லன், இகழ்ச்சிக்கும் உரியவனல்லன். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் வரும் ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். கடைசியில் வருபவனின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். அவன் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஓடி வந்தவனாயிருப்பின், அதைக் கேட்பார் யார்?

இன்னுமொன்றையும் நாம் மறத்தலாகாது. தாழ்ந்து வந்தோருக்காவது அடி உண்டு. திண்ணையின் படியை மிதிக்கவே இடம் பெறாதோர் எத்தனையோ பேர். பெண் பிள்ளைகள் அக்கணக்கில் மிக அரிதாகவே இடம்பெற்றனர். பண்ணையத்தில் ஆடு மேய்த்த மாதாரி வீட்டுச் சிறுவன் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. பெயரே எழுதப்படாதவனுக்கு 'வரவில்லை' என்ற குறியும் இல்லை.

1826-இல் மன்றோ எழுதிய குறிப்பு, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயில்வதாகத் தொகுத்துரைத்தது. கல்வி தேய்ந்தமைக்கு மக்களின் வறுமையை ஒரு காரணமாக அவரே ஒப்புக்கொண்டார். ஆட்சியாளரின் ஏட்டிலேயே அன்று பதிந்த உண்மை அது.

பஞ்சாலையும் பாதி நாள் பள்ளியும்

1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின்னர் மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. நம் கோவைத் திருச்சபை 1850-இல் தனி மறைஆட்சிப் பகுதியாகி, 1886-இல் மறைமாவட்டமாக உயர்ந்த காலமும் இதுவே. கோயிலை ஒட்டி ஒரு பள்ளி எழுவது வழக்கமாயிற்று. அரசு மானியம் மாணவர் வருகையையும் தேர்வு முடிவையும் ஒட்டி அளக்கப்பட்டபோது, வருகைப் பதிவேடு பள்ளியின் கணக்குப் புத்தகமாகவும் ஆயிற்று. பிள்ளை வராவிடில் மானியம் குறையும். அக்கறையும் கவலையும் ஒரே ஏட்டில் கலந்தன.

1888-இல் கோவையின் முதல் பஞ்சாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவினார். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. ஆலைச் சங்கின் ஒலியும் பள்ளி மணியும் ஒரே ஊரில் ஒலித்த காலம் அது. இவற்றுள் எதற்குப் பிள்ளை செவிசாய்ப்பது என்பதைச் சட்டம் சிறிது சிறிதாகவே தீர்த்தது. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிரம்பாதோரை மட்டுமே ஆலையிலிருந்து விலக்கியது. ஏழு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உழைக்கலாம் என்பது அதன் பொருள்! 1891-இல் அவ்வயது ஒன்பதாகவும், 1922-இல் பன்னிரண்டாகவும், நாடு விடுதலை பெற்றபின் 1948-இல் பதினான்காகவும் உயர்ந்தது. ஏழிலிருந்து பதினான்கை எட்ட அறுபத்தேழு ஆண்டுகள் ஆயின.

ஆலைச் சட்டம் ஆலையின் வாயிலோடு நின்றது. வீட்டுத் தறிக்கு அது பொருந்தவில்லை. சென்னிமலையிலும் பவானியிலும் தறிக்குழியில் தந்தை அமர்ந்திருக்க, அருகில் பிள்ளை தார் சுற்றும். பருத்தி வெடிக்கும் காலத்திலும், நிலக்கடலை பறிக்கும் காலத்திலும், மஞ்சள் வெட்டும் காலத்திலும் வகுப்பறை பாதி காலியாகும். மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டால்தான் தாய் கூலிக்குப் போக இயலும். சந்தை நாளிலும் ஊர் நோம்பியிலும் யாரும் பள்ளியைத் தேடுவதில்லை.

இந்நிலையில் கட்டாயக் கல்வி என்ற எண்ணம் நாட்டில் எழுந்தது. 1911-இல் கோபால கிருஷ்ண கோகலே மத்தியச் சட்ட மன்றத்தில் கொணர்ந்த மசோதா, அடுத்த ஆண்டில் 13-க்கு 38 என்ற வாக்குகளில் தோற்றது. சென்னை மாகாணம் 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம் ஒன்றை இயற்றி, உள்ளாட்சி அமைப்புகள் தத்தம் பகுதியில் கல்வியைக் கட்டாயமாக்க வழி செய்தது. எனினும் 1929-இல் வெளிவந்த ஹார்டாக் குழுவின் அறிக்கை ஒரு கசப்பான உண்மையை உரைத்தது. 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த நூறு சிறுவருள் மூன்றாண்டுகளுக்குப்பின் நான்காம் வகுப்பை எட்டியோர் பதினெட்டுப் பேரே. சேர்த்தல் வேறு, நிலைக்கச் செய்தல் வேறு என்பதை நாடு அன்று கணக்கில் கண்டது.

அரை நாளா, ஒரு வேளைச் சோறா?

விடுதலைக்குப் பின் இவ்வினாவுக்கு நம் மாநிலம் இருவேறு விடைகளை அடுத்தடுத்துத் தந்தது. இரண்டையும் நாம் ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

முதல் விடை, 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கொணர்ந்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் படிப்பர்; எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். இருக்கும் பள்ளிகளைக் கொண்டே இருமடங்குப் பிள்ளைகளுக்கு இடம் தரலாம், வேலைக்காக நின்றுவிடும் பிள்ளையையும் பள்ளியில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் ஆதரவாளர் கருத்து. ஆனால் செருப்புத் தைப்பவர் மகன் செருப்பையே தைக்க வேண்டுமா என்ற கேள்வி மாநிலமெங்கும் எழுந்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர் நம் பொள்ளாச்சிச் சீமையின் சி. சுப்பிரமணியம், காமராசர் அமைச்சரவையில் கல்வித் துறையை ஏற்றிருந்தவர்.

இரண்டாம் விடை, 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம். இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு; 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. காமராசர் காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் உழைப்பால், அது ஊர்தோறும் மக்களின் நன்கொடையோடு பரவிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. 2024 ஜூலையில் அக்காலை உணவு ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி என்பது நாம் மகிழ்வோடு நினைக்கத் தக்கது.

முதல் விடை, பிள்ளையின் வேலைக்குப் பள்ளியை வளைந்து கொடுக்கச் சொன்னது. இரண்டாம் விடை, பிள்ளை ஏன் வேலைக்குப் போகிறது என்று கேட்டு, அதன் வயிற்றிலிருந்து தொடங்கியது. எது பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தியது என்பதற்கு வரலாறே சான்று.

பனியன் நகரமும் பதிவேடும்

சோறு மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 1980-களில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஓங்கியபோது, அந்நகரத்துச் சந்துகளில் எத்தனை சிறுவர்கள் 'கைமடி' வேலைக்குச் சென்றனர்! தையற்காரர் தைத்துத் தள்ளும் துணியை மடித்து அடுக்குவதும், பிசிர் வெட்டுவதும் பிஞ்சு விரல்களுக்கு உரிய வேலைகளாயின. வாரக் கூலி சனிக்கிழமை மாலையில் கையில் கிடைத்தது. கல்வியின் பயனோ பத்தாண்டு கழித்து வருவது. வறுமையில் இருக்கும் பெற்றோருக்கு எது பெரிதாகத் தோன்றும்? 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பின்னர் வந்த சிறப்புப் பள்ளிகளும் இந்நிலையைப் பெரிதும் மாற்றின. ஆனால் கொங்கு நாட்டு நூற்பாலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, திருமணத்திற்கென ஒரு தொகை தருவதாகக் கூறி வேலை வாங்கிய வழக்கமும் பின்னர் வெளிச்சத்திற்கு வந்தது. தாலிக்குச் சேர்த்த பொன்னுக்கு விலையாகப் போனது ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு.

பள்ளிகள் பல மாதங்கள் பூட்டிக் கிடந்த 2020, 2021-ஆம் ஆண்டுகளில் இப்பழைய கதை மீண்டும் தலைகாட்டியது. கதவு திறந்தபின் சில பெயர்களுக்குக் குரல் எழவில்லை. இன்று கோவையிலும் திருப்பூரிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் கண்முன் வளர்கின்றனர். தமிழ் தெரியாத அப்பிள்ளை வகுப்பில் அமர்ந்திருந்தும் அங்கு இல்லாதது போன்றதே. அது பள்ளிக்கே வராதிருப்பின், அதன் பெயரை அழைக்க நம்மிடம் ஏடும் இல்லை.

'கட்டாயம்' யாரைக் கட்டும்?

சட்டத்தின் வரலாற்றில் ஒரு பெரும் திருப்பம் நிகழ்ந்துள்ளது. அதைப் பெற்றோர் பலர் அறிந்திலர். பிரஷ்ய நாட்டில் 1763-இலும் இங்கிலாந்தில் 1880-இலும் பள்ளி வருகை கட்டாயமாக்கப்பட்டபோது, பிள்ளையை அனுப்பாத பெற்றோர் தண்டம் கட்ட நேர்ந்தது. நம் நாட்டில் 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமோ 'கட்டாயம்' என்ற சொல்லின் பொருளையே மாற்றியது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதும், அவர்கள் நாள்தோறும் வருவதையும் தொடக்கக் கல்வியை முடிப்பதையும் உறுதி செய்வதும் அரசின் கடமை என்று அது விளக்கம் தந்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் கூறியது; ஆனால் அதற்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. தொடக்கக் கல்வி முடியும்வரை எப்பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கலாகாது. உடலை வருத்தும் தண்டனையும் கூடாது. பெல்லாரித் திண்ணையில் விழுந்த அடிகள் சட்டத்தின் கண்ணில் குற்றமாவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின.

இங்கே நம்மைச் சுடும் ஓர் உண்மையும் உண்டு. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025-இல் அந்நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வே எழுப்பியுள்ளது. முடிவு எதுவாயினும், நமது பள்ளிகளுக்கு எழும் கேள்வி ஒன்றே. சட்டம் நம்மைக் கட்டாத இடத்தில் மனச்சான்று நம்மைக் கட்டுகிறதா? நீண்ட நாள் வராத ஏழைப் பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது. அவன் வீட்டைத் தேடிச் செல்வது கடினம்.

தெருவுக்கு ஒரு பிள்ளை

வீட்டைத் தேடிச் செல்லும் வழக்கம் நம் மரபுக்குப் புதியதன்று. பிரான்சு நாட்டில் ஏழைச் சிறுவர்க்காகப் பள்ளிகளை நிறுவிய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், தம் சகோதரர்களுக்காக எழுதிய பள்ளி ஒழுங்கு நூல் 1720-இல் அச்சேறியது. அதில் பிள்ளைகளின் வராமையைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. வராமைக்குக் காரணம் பிள்ளையின் விளையாட்டுப் புத்தியாகவும் இருக்கலாம்; பெற்றோரின் தேவையாகவும் இருக்கலாம்; ஆசிரியர் மீது பிள்ளைக்கு அன்பு தோன்றாமையாகவும் இருக்கலாம் என்று அவர் பிரித்துக் காட்டினார். தம்மையும் குற்றக் கூண்டில் நிறுத்திக் கேட்ட அந்நேர்மை போற்றத் தக்கது. வராத மாணவர்களை அவரவர் தெருவிலேயே சென்று கண்டு, காரணம் அறிந்து வருவதற்கென்று மாணவர் சிலரையே அவர் நியமித்தார். பிள்ளையை அனுப்பாத ஏழைக் குடும்பத்திற்குத் தருமம் அளிப்பதை நிறுத்துமாறும் அந்நூல் அறிவுரைத்தது. இதை இன்று நாம் ஏற்பதற்கில்லை. பசித்த வீட்டின் அடுப்பை அணைத்து அவ்வீட்டுப் பிள்ளைக்கு அறிவூட்ட இயலாது என்பதை நம் தமிழகத்தின் அனுபவமே கற்பித்துவிட்டது. ஆனால் தெருவுக்கு ஒருவர் என்ற அவ்வொழுங்கு இன்றும் பொருந்தும். நம் பங்குகளில் தெருத்தோறும் கூடும் அன்பியங்கள் வேறு எதற்காக?

ஒரு தெருவின் அன்பியம் மாதத்திற்கு ஒருமுறை இவ்வினாவை எழுப்பட்டும்: 'நம் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளை யார்?' கத்தோலிக்கப் பிள்ளை யார் என்று கேட்க வேண்டியதில்லை. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுடன் வரும் சிறுமியும், நம் கட்டடத்திற்குக் கல் சுமப்பவரின் மகனும் அக்கணக்கில் அடங்குவர். ஏதோ ஒரு முதலாளியைக் குறை கூறுமுன், அச்சிறுமியை நம் சமையலறையில் காலை பத்து மணிக்குக் கண்டும் ஒன்றும் கேளாதிருந்த நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வசதியுள்ள பெற்றோராகிய நமக்கும் சில சொற்கள் உண்டு. உறவினர் வீட்டுச் சீருக்கும், நீண்ட வார இறுதிப் பயணத்திற்கும் பிள்ளையை நிறுத்திவிட்டு, 'காய்ச்சல்' என்று விடுப்புக் கடிதம் எழுதித் தருகிறோம். அந்தக் கடிதத்தைக் கொண்டு செல்வது நம் பிள்ளை. பொய்யை முதன்முதலாக நம் கையெழுத்திலேயே அது படிக்கிறது. உண்மையான காரணத்தை எழுதினால் ஆசிரியர் முகஞ்சுளிக்கலாம்; ஆனால் பிள்ளை நம்மை மதிக்கும். நோயுற்றால் அன்றே பள்ளிக்குத் தெரிவிப்பதும், நலமடைந்து திரும்பும் நாளில் விடுபட்ட பாடங்களை ஆசிரியரிடம் நாமே சென்று கேட்டறிவதும் நம் பொறுப்பு. திங்கட்கிழமைதோறும் வயிறு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அதட்டுவதற்கு முன் அமர்ந்து கேட்க வேண்டும். வலி வயிற்றில் இல்லாதிருக்கலாம்; வகுப்பில் ஒரு மாணவனின் ஏளனத்திலோ, ஓர் ஆசிரியரின் கடுஞ்சொல்லிலோ, புரியாத ஒரு பாடத்திலோ இருக்கலாம். பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அப்பொறுப்பைப் பள்ளி வாயிலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப இயலாது.

நூறு ஆடுகளையுடைய ஆயனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவன் தேடிச் சென்றதையும், தோளில் சுமந்து வந்ததையும் வியக்கிறோம். அவன் அன்று மாலை எண்ணிப் பார்த்தான் என்பதை மட்டும் கவனியாது விடுகிறோம். எண்ணியதனால்தான் ஒன்று குறைவதை அறிந்தான். வருகைப் பதிவேடும் அத்தகைய எண்ணிக்கையே. அதைத் தண்டிப்பதற்கும் மானியத்திற்கும் பயன்படுத்திய காலங்களை நாம் கடந்து வந்துள்ளோம். தேடிச் செல்வதற்குப் பயன்படுத்தும் காலத்தை முழுமையாக எட்டவில்லை.

நாளைக் காலையும் மணி அடிக்கும், பதிவேடு திறக்கும், ஒரு பெயருக்குக் குரல் எழாது. அன்று மாலைக்குள் அவ்வீட்டு வாயிலில் ஒருவர் நின்று, "ஏன் கண்ணு, இன்னைக்குப் பள்ளிக்கூடம் வரலே?" என்று கேட்டால் போதும். அந்த ஒருவர் ஆசிரியராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. அத்தெருவில் வாழும் நாமாகவும் இருக்கலாம்.